நூற்றுப் பன்னிரண்டு

உவர்மலை ஏறும்போதே தெரியும்,
கொக்கி, ஜன்னல் கம்பி, கேற் பிணைச்சல்
எல்லாவற்றையும் காற்று நக்கி வைத்திருக்கும்.
பெயரிலேயே உவர்ப்பு.
இங்கே துருவைக் குற்றம் சொல்லிவிட்டு
இலகுவாகக் காசு வாங்கலாம்.

"மெசின் கடிக்குது" என்றாள் சுகந்தமலர்.
"கடிக்குதாம்" என்றார் தவநேசன்,
பேப்பரை மடக்காமல்.
பழையது கடித்ததாம். விற்றார்கள்.
போன மாதம் புதிது எடுத்தார்கள், அதுவும் கடித்ததாம்.
எழுந்து வந்து தொட்டுக் காட்டினார்: முழு உள்ளங்கை,
காலில் தடித்த றப்பர் செருப்பு.
"பாருங்கோ மிஸ், எனக்கொண்டுமில்லை.
இவவுக்கு நரம்புத் தளர்ச்சி."
டொக்டரிடமும் காட்டியாயிற்று.
வெள்ளைக் குளிசை, இரவில் ஒன்று.

நான் முதலில் சந்தேகப்பட்டது என் மீற்றரை.
மஞ்சள் உறை, ஒரு மூலை உடைந்தது.
சிவப்பு வயரின் கழுத்தைத் தடவிப் பார்த்து
குசினிப் பிளக்கில் குத்தினேன்.
இருநூற்று முப்பத்தொன்று.
சரி, இன்றைக்கு இது உண்மை பேசுகிறது.
(செத்த பற்றரி காட்டிய பூச்சியத்தை நம்பிக்
கை வைத்தவன் ஒருவனைத் தெரியும், மூதூர்ப் பக்கம்.
இரண்டு விரல் இன்னும் மடங்காது.)

பின்வளவில் சோப்புத் தண்ணீர் ஓடிக் கறுத்த மண்.
நீட்டு ஸ்க்ரூடிரைவரைப் பிடிவரை அதில் இறக்கி
கறுப்பு வயரைக் கவ்வவைத்தேன்.
சிவப்பை, ஒரு கையால் மட்டும்,
மற்றக் கை முதுகுக்குப் பின்னால்,
மெசினின் பின்புறத் திருகாணியில்.

நூற்றுப் பன்னிரண்டு.

ஒருதரம் நூற்றொன்பதுக்கு இறங்கி
மறுபடி அதே நூற்றுப் பன்னிரண்டு.
சுகந்தமலர் என் தோளுக்கு மேலால் எட்டினாள்.
"அது எவ்வளவு?"
"பாதிக் கரண்ட்."
சிரிக்கவில்லை, அழவுமில்லை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இன்னொருமுறை பார்த்தாள்.

பிளக்கைக் கழற்றிய பிறகுதான் ஓம்.
நீண்ட காலுக்கும் தகரத்துக்கும்: கீச்சென்று கத்தியது.
வழி இருக்கிறது.
மற்ற இரண்டு காலுக்கும் தகரத்துக்கும்: மௌனம். மௌனம்.
மெசினில் பிழையில்லை.
எந்த மெசினும் கொஞ்சம் கசியும்;
கசிந்தது மண்ணுக்குப் போக ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.
அந்த வீட்டில் வேறு வழி இருக்கவில்லை,
வெறுங்காலோடு ஈரத்தில் நின்றவளைத் தவிர.

மெயினை இறக்கி, இறங்கியதுதானா என்று அளந்து
சுவர்ப் பிளக்கை அவிழ்த்தேன்.
பச்சை வயர் உள்ளே இருந்தது,
நறுக்கி, சுருட்டி, கறுப்பு ரேப் ஒட்டி,
பொறுப்பான ஆளின் வேலைபோலப் பின்னால் தள்ளி.

"ஆர் இதை வெட்டினது?"

பேப்பர் இப்போது மடங்கியது.
பழைய மெசின் காலத்தில் ட்ரிப் சுவிச்
ஓயாமல் விழுந்ததாம், கிரிக்கெட் நடுவிலும்.
பாஸ் ஒருவர் வந்து ஐந்து நிமிடத்தில் சரியாக்கினாராம்.
"அதுக்குப் பிறகு ஒருநாளும் விழேல்லை" என்றார் தவநேசன்.
தான் சொன்னதைத் தானே பிந்திக் கேட்டவர்போல
வெளியே போய்க் கேற்றடியில் நின்றார்.
அங்கே இரண்டு மான்கள்
மெசின் வந்த மட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தன.

வயரை உரித்தேன், முறுக்கினேன், இறுக்கினேன்.
மெயின் ஏறியது. ட்ரிப் விழவில்லை.
தகரத்துக்கும் மண்ணுக்கும்: பூச்சியம் தசம் நான்கு.
மறுபடி குசினிப் பிளக்: இருநூற்று முப்பது.
ஆக, அந்தப் பூச்சியம் பொய்யில்லை.

சுகந்தமலர் ஈரத்தில் இறங்கி
புறங்கையை நீட்டினாள், கடிபட்டவர்கள் நீட்டுவதுபோல.
அப்படியே கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.

பில் எழுதும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.
"மிஸ், அந்த நம்பரையும் போடுங்கோ."
"எது?"
"முதல் காட்டினது."
கூலிக்கும் ரேப்புக்கும் மேலே, முதல் வரியில்,
இலக்கத்தில் எழுதினேன். 112 வோல்ட்.
"எழுத்திலையும்" என்றாள்.
எழுதினேன்.